தங்கச்சிக்கு மூன்று வசனம்

சலவை இயந்திரம் செய்யும் கம்பெனியில் எனக்குப் புகார்ப் பிரிவு. தண்ணீர் ஒழுகுகிறது, சட்டை கிழிந்துவிட்டது, இயந்திரம் ஆடி ஆடிக் குளியலறை வாசல்வரை நடந்தே வந்துவிட்டது என்றெல்லாம் எழுதுகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு முப்பது பதில் எழுதுகிறேன்; நடுநடுவே போனிலும் பதில் சொல்கிறேன். இருபது வருடமாக எழுதிக்கொண்டிருப்பவளுக்கு எழுத்து வகுப்பு எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"'வருந்துகிறோம்'னு முடியாத ஒரு பக்கமாவது எழுதிப் பாக்கணும்" என்றேன்.

"தாராளமா போ. சனிக்கிழமை சாயங்காலம் வீடு கொஞ்சம் அமைதியா இருக்கும்" என்றார். அந்த மனிதருக்கு அவ்வளவு ஆனந்தம்.

நூலகத்து மாடியில் சிறுவர் பிரிவில் வகுப்பு. உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும் குட்டி நாற்காலிகள். அதில் ஏழு பெரியவர்கள். என் இடப்பக்கம் ஒரு லிஃப்ட் மெக்கானிக், வலப்பக்கம் ஒரு பல் டாக்டர். டீச்சர் வானொலிக்கு நாடகம் எழுதுகிறவள், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். பார்த்தால் பயந்த சுபாவம் மாதிரி இருப்பாள். வாயைத் திறந்தால்தான் தெரியும்.

"மனசுல இன்னும் ஆறாத ஒரு சம்பவத்தை எடுத்துக்கோங்க. அதையே முதல் வாரம் கவிதையா எழுதுங்க, ரெண்டாவது வாரம் கதையா, மூணாவது வாரம் நாடகமா" என்றாள்.

லிஃப்ட் மெக்கானிக் யோசிக்கவே இல்லை. இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட லிஃப்டுக்குள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட, அது முடியட்டும் என்று இவர் வெளியே மரியாதையாகக் காத்திருந்த கதை அவருடையது. பல் டாக்டரின் விரலை ஒரு நோயாளி கடித்திருக்கிறார். எனக்கு என் தங்கச்சி இருந்தாள்.

அம்மா இறந்தபின் அவள் இருந்த வீட்டைக் காலி செய்தோம். பத்திர வேலைகள் என் பொறுப்பு, சாமான்கள் தங்கச்சி பொறுப்பு. அம்மாவின் கண்ணாடி வைத்த மர அலமாரியை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எதிர்வீட்டுக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். நான் போய்ப் பார்த்தபோது சுவர்தான் இருந்தது. அவள் வீட்டுக்கே போய் வாசலில் நின்று கத்தித் தீர்த்துவிட்டு வந்தேன். மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. அவள் குடும்பத்தோடு வெளிநாட்டுக்கே போகிறாள், அடுத்த மாதம் பயணம் என்று சித்தி போன மாதம்தான் போனில் சொன்னாள். "போகட்டும்" என்றேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அது வேறு விஷயம்.

கவிதை பதினெட்டு வரி வந்தது. காலிச் சுவரைப் பற்றி. வாசித்து முடித்ததும் லிஃப்ட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நல்லாருக்கு. கவிதையில நீங்க மட்டும் தனியா நின்னு அழலாம், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. கதையில இன்னொரு ஆளும் வந்தாகணும்" என்றாள் டீச்சர்.

வரட்டுமே என்று கதையில் தங்கச்சியைக் கொண்டுவந்தேன். கோணல் சிரிப்பு ஒன்று கொடுத்தேன். இல்லாத மருவைக்கூட மோவாயில் வைத்தேன்.

"இவங்க ஏன் அலமாரியைக் கொடுத்தாங்க?" என்றாள் டீச்சர்.

"திமிரு."

"அது நீங்க சொல்ற காரணம். அவங்களுக்குன்னு ஒரு காரணம் இருக்குமில்ல?"

நடுவில் பல் டாக்டர் மூக்கை நுழைத்தார். "எனக்கும் அது இடிக்குது மேடம். என்னைக் கடிச்ச ஆளுக்குக்கூட ஒரு காரணம் இருந்துச்சு. உங்க தங்கச்சி சும்மாவே கெட்டவங்களா இருக்காங்க."

கடித்தவன் விரலோடு விட்டிருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் நாடகத்தில் காட்டுகிறேன் பார் என்று நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். அங்கேதான் டீச்சர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். நாடகம் எழுதியவர் தன் வேஷத்தைத் தான் படிக்கக் கூடாதாம். எதிராளியின் வேஷத்தைத்தான் படிக்க வேண்டுமாம். அக்கா வேஷம் லிஃப்ட்காரருக்குப் போயிற்று. நான் தங்கச்சி.

எழுந்து நின்றோம். "வா அக்கா" என்று தொடங்கினேன். அது என் முதல் வசனம்.

லிஃப்ட்காரர் கீழ்த்தளத்தில் நின்றபடி எட்டாவது மாடிக்குக் குரல் கொடுத்துப் பழகியவர். வெளுத்து வாங்கிவிட்டார். "எங்கம்மா தொட்ட மரத்தைத் தானம் பண்ண நீ யாருடி?" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழே நூலகர் நாற்காலியை நகர்த்தும் ஓசை கேட்டது. அந்த வரியை எழுதிவிட்டு நானே என்னை மெச்சிக்கொண்டவள். இப்போது அதை முகத்துக்கு நேராக வாங்கியபோது காது சுட்டது. "அது வந்து..." என்றேன். இரண்டாவது வசனம். அதற்குமேல் அவர் விடவில்லை. ஒரு பக்கம் திருப்பினேன். அக்கா பேசிக்கொண்டிருந்தாள். இன்னொரு பக்கம் திருப்பினேன். அப்போதும் அக்காதான். "அக்கா..." என்று ஒரே ஒரு சொல் எனக்கு இருந்தது. அதையும் சொல்லிவிட்டு, தாளைப் பிடித்துக்கொண்டு, தண்டனைக்கு நிறுத்தி வைத்தவள் மாதிரி நின்றேன். அப்புறம் நானே கத்திவிட்டேன்.

"கொஞ்சம் நிறுத்து! நான் சொல்றதக் கேளேன்!"

லிஃப்ட்காரர் திடுக்கிட்டுத் தாள்களைப் புரட்டினார். "இது எந்தப் பக்கத்துல மேடம் வருது? என்கிட்ட இல்லியே?"

யாரிடமும் இல்லை. நான் எழுதியிருந்தால்தானே இருக்கும்?

"இதுதான் நாடகம்" என்றாள் டீச்சர் மெதுவாக. "மிச்சத்தையும் எழுதிட்டு வாங்க."

"என்னத்த எழுதறது? அவ என்ன சொல்ல வந்தான்னு எனக்குத் தெரியாதே."

"தெரிஞ்சவங்க ஒருத்தர் இருக்காங்க இல்ல?"

மறுநாள் காலை தங்கச்சி வீட்டு மணியை அடித்தேன். இரண்டு தடவை திரும்பிப் போகப் பார்த்து, மூன்றாவது தடவைதான் அடித்தேன். கதவைத் திறந்தாள். கையில் பெட்டி ஒட்டும் டேப். கன்னம் ஒட்டியிருந்தது. மரு எதுவும் இல்லை.

"வா அக்கா" என்றாள். அந்த ஒரு வரியை மட்டுமாவது சரியாக எழுதியிருந்தேன்.

கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். உட்கார நாற்காலிகூட இல்லை.

"என்ன விஷயம்?"

"வசனம் கேக்க வந்தேன்" என்று நான்கு பக்கத்தையும் நீட்டினேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

நின்றபடியே படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "எனக்கு மூணே மூணு வசனமா?"

"அதுக்குத்தான் வந்திருக்கேன். நீ சொல்லு, எழுதிக்கறேன்."

"எத்தனை பக்கம் தருவ?"

"ரெண்டு."

"பத்தாது" என்றாள்.

ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். "அந்த அலமாரி எங்க மாடிப்படி வளைவுல ஏறல. உன் வீட்ல இடம் இருக்கான்னு கேக்க உன் ஆபீசுக்கு நாலு தடவை போன் பண்ணேன். மூணு தடவை லைன் கிடைக்கல. நாலாவது தடவை எடுத்த. அக்கா, நான்தான்னு சொல்லி, உனக்கு வேணுமா, இல்ல எதிர்வீட்டுக்காரர் கேக்கறாரு, கொடுத்துடட்டுமான்னு கேட்டேன். 'உங்க விருப்பப்படி செய்யலாம் மேடம், அழைத்தமைக்கு நன்றி'ன்னு வெச்சிட்ட."

இல்லவே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். இரண்டு போன் ஒன்றாக அடித்தால் என் வாய் தன்பாட்டுக்கு இப்படித்தான் பேசும். சாவி எங்கே என்று கேட்ட என் வீட்டுக்காரருக்கே ஒருமுறை புகார் எண் கொடுத்திருக்கிறேன்.

"ஏதோ கோவத்துல மேடம்னு கூப்பிடறேன்னு நினைச்சேன். வாசல்ல வந்து நீ கத்தினப்போ இதைத்தான் சொல்ல வந்தேன். நீ கேக்கல. அம்மா போன பிறகு அம்மாவைப் பத்திப் பேச எனக்கு உன்னை விட்டா யாரு இருக்காக்கா? மூணு வருஷம். இவர்கிட்ட சொன்னா தலையாட்டுவாரு. அவருக்கு என்ன தெரியும், அம்மா எப்படித் தும்முவாங்கன்னு."

அம்மா தும்மினால் தெருவே திரும்பிப் பார்க்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மணி நேரத்துக்குமேல் அவள் பேசினாள். எழுதிக்கொள்ளக் கொண்டுபோன நோட்டு மடியில் திறந்தே கிடந்தது, ஒரு வரி எழுதவில்லை. எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்திருக்கிறேன்!

முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சரி, இப்ப உன் வசனம்."

நான்கு பக்கம் கத்தியவளுக்கு இப்போது ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போகாதடி" என்றேன்.

"டிக்கெட் எடுத்தாச்சுக்கா" என்றாள். சொல்லும்போதே அவளுக்கும் உடைந்துவிட்டது. இருவரும் ஆளுக்கொரு பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு ஓவென்று அழுதோம். டேப்பைத் தேடிக்கொண்டு வந்த அவள் புருஷன் எங்களைப் பார்த்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போனார்.

கிளம்ப இன்னும் பதினோரு நாள் இருந்தது. பதினோரு நாளும் போனேன்.