ஆணி அடித்த ஆய்வேடு

ஸ்வீடனில் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில், முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்குச் சில வாரம் முன்பு, ஆய்வேட்டை நடைவழிப் பலகையில் ஆணியடித்துத் தொங்கவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பிறகு கேக் வெட்டுவார்கள்.

என் மனைவி தோருனின் ஆய்வேட்டை அவளுடைய பேராசிரியை ராக்னில்ட் ஆணியடித்தார். தோருனை அடக்கம் செய்த வாரம் அது. தேர்வு இல்லை, மரியாதைக்காகத்தான். கேக் மட்டும் இருந்தது.

குறைமாதக் குழந்தையின் ஒரு சொட்டு ரத்தத்தில் கிருமித்தொற்றைக் காட்டும் காகிதப் பட்டை, தோருன் கண்டுபிடித்தது. ஆய்வுக்கான பணம் அரசினுடையது. ஆனால் இங்கே பல்கலைக்கழக ஆய்வாளரின் கண்டுபிடிப்பு அவருக்கே சொந்தம். அவளுக்குப் பின் எனக்கு வந்தது. ஒரு நிறுவனம் உரிமம் வாங்கிப் பட்டையைத் தயாரிக்கக் காத்திருந்தது. காப்புரிமைக்கு விண்ணப்பிப்பதுதான் பாக்கி.

ஆணியடித்த மறுநாள் காப்புரிமை ஆலோசகர் யெஸ்பர் ராக்னில்டின் அறைக்கு வந்தார். நானும் இருந்தேன்.

“விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே ஆணி அடிச்சிட்டியா? விஷயம் ஊருக்கு வெளிய வந்துட்டா காப்புரிமை கிடையாது!”

“யாரும் படிக்கலப்பா. கேக்கைத் தின்னுட்டுப் போயிட்டாங்க,” என்றார் ராக்னில்ட்.

“படிச்சிருக்கணும்னு இல்ல. படிக்க முடிஞ்சிருந்தாலே போச்சு.”

ராக்னில்ட் நிமிர்ந்தார். “நான் ஆணிய நட்டநடுவுல அடிச்சேன். திறக்கவே வராது.”

“உன் தச்சு வேலை இப்பதான் உருப்பட்டிருக்கு. ஹாகான், நீ பக்கத்துலயே நின்னியே. திறந்துச்சா?”

“கீழ்ப்பக்கம் நெம்பினா திறந்துச்சு. நன்றியுரையில என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கான்னு பார்த்தேன். பட்டையோட படமும் கண்ணுல பட்டுச்சு.”

யெஸ்பர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “புருஷன் பொதுஜனத்துல சேர்த்தியா? வீட்டுல இதப் பத்திப் பேசுவாளா?”

“சாப்பிடும்போது வேற எதுவும் பேசமாட்டா.”

“ரகசியம்னு சொன்னாளா? சொல்லியிருந்தா நீ பொதுஜனத்துல சேர மாட்ட.”

“உருளைக்கிழங்க நீட்டிக்கிட்டே எவளாவது புருஷன்கிட்ட ‘இது ரகசியம்’னு சொல்வாளா?”

“ஹாகான் திறக்கவே இல்லன்னு வெச்சுக்குவோமே,” என்றார் ராக்னில்ட் மெதுவாக.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் தோருனின் பட்டை மருத்துவமனைகளுக்குப் போகும். ஆனால் அவள் எனக்கு எழுதிய கடைசி வரிகளை நான் படிக்கவில்லை என்றாகும்.

“திறந்தேன்,” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

நிறுவனம் விலகியது. எவரும் நகலெடுக்கக்கூடிய ஒன்றில் முதல் போட மாட்டார்களாம்.

பல மாதம் கழித்து, பின்லாந்தின் தம்பெரே மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். பட்டையைத் தாங்களே செய்துகொள்ள என் அனுமதி வேண்டும் என்றாள். கொடுத்துவிட்டேன். உடனே சந்தேகம் வந்து யெஸ்பரை அழைத்தேன்.

“அனுமதி குடுக்க நீ யாரு?” என்றார். “அது இப்ப யாரோடதும் இல்லயே.”

“அப்ப நான் என்ன சொல்லியிருக்கணும்?”

“தெரியலப்பா. நல்லா வரட்டும்னு சொல்லியிருக்கலாம்.”

நான் அந்தப் பெண்ணின் எண்ணைத் தேடத் தொடங்கினேன்.