சட்டைப் பையில் மெட்டி

…இருக்கின்றனவா என்று மறுபடியும் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான் கலியமூர்த்தி, இருக்கின்றன, இரண்டும் இருக்கின்றன. வளையலை வீட்டிலேயே கழற்றிவிட்டாள், மெட்டிதான் சோப்பு போட்டும் வரவில்லை, பள்ளிக்கூட கேட்டில் சோதனை செய்த பெண் உலோகம் எதுவும் கூடாது என்று சொன்ன பிறகு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு திருகித் திருகி எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பரீட்சை எழுத உள்ளே போனாள் சிவசங்கரி, பயம் வந்தால் அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள், பெண் பார்க்கப் போன அன்றும் அப்படித்தான்… இப்போது எந்தக் கேள்வியில் இருப்பாள்? விடைத்தாளில் வட்டத்தை முழுசாகத் தீட்டு, தெரியாததில் நிற்காதே என்று சொன்னோமே, நினைவிருக்குமா?

தனக்கு இந்தப் பரீட்சை வாய்க்கவில்லை. அப்போதெல்லாம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு மூப்புப்படி அழைப்பு வரும் என்று தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், வரவில்லை, அப்புறம் ஒரு தேர்தல் முடிந்த கையோடு யாரோ சொல்லி யாரோ போட்டுக்கொடுத்த வவுச்சர் வேலை, மாதாமாதம் வவுச்சரில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம், பென்ஷன் கிடையாது, நிரந்தரம் கிடையாது, ஆனால் ஆபீசில் போகிற கடிதமெல்லாம் இவன் எழுதியது, பொருள், பார்வை, ஐயா, வணக்கம்… நிரந்தரம் செய்வார்கள் என்று காத்திருந்ததில் பரீட்சைக்கு உண்டான வயது போய்விட்டது. இப்போது அதே ஆபீசின் காலி எழுத்தர் இடங்களைத்தான் பரீட்சை வைத்து நிரப்புகிறார்கள், அவனுடைய நாற்காலியும் அதில் சேர்த்திதான். சிவசங்கரிக்கு வயது இன்னும் இருக்கிறது, இந்த ஒரு தடவைக்கு மட்டும்.

காலையில் வடிவேல் போன் செய்தான், வவுச்சர் ஊழியர் சங்கத்துக்காரன், பக்கத்து நாற்காலி. அந்த இடங்களை நமக்குத் தராமல் ரிசல்ட் போடக்கூடாது என்று கோர்ட்டுக்குப் போகப்போகிறார்களாம்.

"மனுவ நீதான் எழுதணும் மூர்த்தி. நீ எழுதுனாதான்டா கேஸ் நிக்கும். எங்க இருக்க?"

பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்குகிறேன் என்றான். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது.

"மீன் விக்கிறதுக்கு மணி அடிக்கிறானா இப்பல்லாம்?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான் வடிவேல், புரிந்திருக்குமோ, புரிந்திருக்கும்… மனு என்றால் நன்றாகத்தான் எழுத வரும், முதல் வாக்கியம் இப்போதே மனசில் நிற்கிறது, மனுதாரராகிய நாங்கள் நெடுங்காலமாக, அதற்கு மேல் போகமாட்டேன் என்கிறது, இவள் உள்ளே தீட்டத் தீட்டத் தான் வெளியே அழிக்கிற மாதிரி இருக்கிறது. சுமாராக எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? ஆனால் வடிவேலுக்கு இரண்டு பெண் குழந்தைகள்…

கேட்டைத் திறந்துவிட்டார்கள். கூட்டத்தில் அவள் நடை தனியாகத் தெரிந்தது, மெட்டி இல்லாத கால் எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல் நடந்தது. எப்படி என்றான், எழுதியிருக்கேன் என்றாள். அவன் குனிந்து மெட்டியைப் போட்டுவிடப் போனான்.

"வுடுங்க, எல்லாரும் பாக்கறாங்க."

"மொத தடவ போட்டப்பவும் இப்பிடித்தான் தடுமாறுனியா தம்பி?" என்றாள் இளநீர் விற்கிறவள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், சிவசங்கரியும் சிரித்தாள், பிறகு அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, தலைக்கு மேலே அவள் குரல்.

"வடிவேல் அண்ணன் வூட்டம்மா நேத்தே சொன்னாங்க. மனு எழுதறப்ப என்னை நெனச்சிக்காதீங்க. நல்லா எழுதுங்க."

நேற்றே தெரியுமா? தெரிந்துதான் உள்ளே போனாளா, தெரிந்துகொண்டு அந்த வட்டங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவள்…

"எல்லாத்தையும் தீட்டிட்டியா?" என்றான், நிமிராமல். நிமிர்ந்தால் சுமாராக எழுத நினைத்தது முகத்தில் தெரிந்துவிடும். அவள் மற்றக் காலை முன்னே வைத்தாள்.