கச்சான் எந்தப் பக்கம்

யோசெப்பின் முகத்தில் நாலு காற்றும் அடித்தன. கண்ணுக்குள் வந்தால் சோளகம். நாடிக்குக் கீழே இறங்கினால் வாடை. வலக்கன்னத்தில் கொண்டல், இடக்கன்னத்தில் கச்சான்.

யோசித்து வைத்த பெயர்கள் அல்ல அவை. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க்கை முதல்நாள் மாட்டி மெசினைப் போட்டபோது, காற்று எங்கோ ஒரு விளிம்பால் கிளம்பி அவருடைய இமைகளில் அடித்தது. அவர் அரைத்தூக்கத்தில் இருந்தார்.

"சோளகம்" என்றார்.

குடத்துக்குள் இருந்து பேசுவது போல அந்தக் குரல் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் பாயில் கிடந்த அவர் மனைவி மார்கிறட்டுக்கு உடனே விளங்கிவிட்டது. அவளும் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள்தான். தெற்கே இருந்து வருவது சோளகம், வடக்கே இருந்து வருவது வாடை. கிழக்கே கடலில் எழும்புவது கொண்டல், மேற்கே உப்பங்கழிக் களப்பைத் தாண்டி வருவது கச்சான். தெற்கே தலைவைத்துப் படுத்திருக்கிற மனிசன் சோளகம் என்கிறார் என்றால், காற்று தலைமாட்டுப் பக்கத்தால் கசிகிறது. எழும்பி, மாஸ்க்கின் மேற்பட்டிகள் இரண்டையும் கொஞ்சம் இழுத்துவிட்டாள். கசிவு நின்றது.

அன்றிலிருந்து அது அவர்களுடைய பாஷையாகிவிட்டது. அவர் ஒரு காற்றின் பெயரைச் சொல்லுவார். அவள் கை அந்தப் பட்டிக்குப் போகும். சில நாட்களில் இரண்டு பேருமே முழுதாக விழிப்பதில்லை.

காற்று நிற்கத்தான் வேண்டும். நின்றால்தான் யோசெப் மறுபடி கடலுக்குப் போகலாம்.

போன பருவத்தில் ஒரு விடியலில், வலை இழுத்துக்கொண்டிருந்தபோது, எஞ்சின் பிடியைப் பிடித்த கை பிடித்தபடியே இருக்க அவர் தூங்கிப்போனார். படகு தன்பாட்டில் வட்டம் போட்டது. வலைக்கயிறு மகன் றொமேசின் காலைச் சுற்றியது. கயிறு இறுகுவதற்குள் அவன் கத்தியால் அறுத்துவிட்டான். வலை போனது, கால் தப்பியது. கரைக்கு வந்த பிறகு அவன் தகப்பனைப் பார்த்துச் சத்தம் போடவில்லை. படகை ஏற்றிவிட்டு நேரே தாயிடம் வந்தான்.

"அம்மா, அவற்ற நித்திரைக்கு ஒரு வழி பாக்கும் வரைக்கும் அவர் போட்டிலை ஏறக்கூடாது."

வவுனியா ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் வயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் தொண்டை தளர்ந்து மூடிக்கொள்கிறது, மூச்சு நிற்கிறது, மூளை பதறி அவரைத் தட்டி எழுப்புகிறது, அவருக்கே தெரியாமல் இது திரும்பத் திரும்ப நடக்கிறது என்றார் வைத்தியர். அதனால்தான் எவ்வளவு படுத்தாலும் தூங்காத மனிசனாகத் திரிகிறார். காற்றை மெல்ல ஊதித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும் மெசின் ஒன்று வேண்டும். அதை மார்கிறட்டின் தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பிவைத்தான். வரும் தைமாதம் மெசினுக்குள் இருக்கிற மெமரி காட்டைக் கொண்டுவரச் சொன்னார் வைத்தியர். மாஸ்க்கால் காற்றுக் கசியாமல் ஒழுங்காகத் தூங்கியிருந்தால் கடலுக்கு விடலாம். இல்லையென்றால் அந்தக் கதையே வேண்டாம் என்றுவிட்டார்.

யோசெப்பின் உடம்பு இரவில் விழித்துப் பகலில் தூங்கிப் பழகியது. கடலுக்குப் போகாத காலத்திலும் அது மாறவில்லை. இரவு முழுதும் கரையில் நடப்பார். விடிந்து வந்து, கஞ்சி குடித்துவிட்டுப் படுப்பார். மார்கிறட் சமையலை முடித்து, குசினிக் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் பாயைப் போடுவாள். யன்னல் சீலை வெயிலை மஞ்சளாக வடித்து அறைக்குள் விடும். மெசின் தூரத்துப் படகு போல ஒரே சீராக இரையும். அந்த இரைச்சலுக்குள் அவர் மூச்சு வரும், போகும். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் மார்கிறட் அதன்மேல் மிதந்துகொண்டு கிடப்பாள். சில வேளை அது தன்னுடைய மூச்சா, அவருடையதா என்று தெரியாமல் போகும்.

அவருக்குக் கனவுகளும் திரும்பி வந்திருந்தன. எத்தனையோ வருசமாகக் கனவே காணாத மனிசன். இப்போது பின்னேரத்தில் எழும்பிக் கட்டிலில் இருந்தபடி, தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுவார். களப்பில் தண்ணீர் இல்லை, அடியெல்லாம் வெள்ளை மணல், நடுவில் ஒரு கதிரை, அதில் செத்துப்போன தன்னுடைய அண்ணன் இருந்து வலையின் கிழிசல் பொத்துகிறார். இன்னொரு நாள், வானத்தில் சூடை மீன் கூட்டம். இறால் மழை பெய்ததாம் ஒருமுறை. கனவுக்குள் காற்று அடிக்கத் தொடங்கினால் மாஸ்க் கசிகிறது என்று அவருக்கே தெரிந்துவிடும். அந்தக் கனவுக்குள் நின்றபடியே காற்றின் பெயரைச் சொல்லுவார்.

மருமகள் கம்சா மீன் கொண்டுவரும்போதெல்லாம் வாசலில் நின்று கேட்பாள்.

"மாமி, இண்டைக்கு வீட்டுக்கை என்ன காத்து?"

"காலமை கொஞ்சம் கொண்டல். பிறகு அமந்திட்டுது."

"அப்ப மாமாவை நம்பித் தொழிலுக்குப் போகலாம்."

மெசினின் சின்னத் திரையில், எழும்பும்போது ஒரு முகம் தெரியும். நல்லாய் அடைத்திருந்தால் பச்சையில் சிரிக்கும். கசிந்திருந்தால் சிவப்பில் வாய் கோணும். கார்த்திகை தொடங்கும்போது சிரிப்பு முகம்தான் அடிக்கடி வந்தது.

பிறகு மழை பிடித்தது. வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. ஓடு விலகிய இடத்தால் சரியாகக் கட்டிலின் தலைமாட்டில் ஒழுகியது. மழை விடாமல் கூரையில் ஏற முடியாது. கம்சாவும் மார்கிறட்டுமாகக் கட்டிலைத் திருப்பி, தலைமாட்டை மேற்குச் சுவரோடு சேர்த்துப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒன்றும் சரிவரவில்லை.

யோசெப் "கச்சான்" என்பார். மார்கிறட் இடப்பக்கப் பட்டிகளை இழுப்பாள். அவர் இன்னும் உரத்து "கச்சான்" என்பார். அவள் இன்னும் இழுப்பாள். மாஸ்க் ஒருபக்கம் கோணி, மற்றப் பக்கத்தால் சீறும். "வாடை" என்றால் நாடிப்பட்டிகளை இறுக்குவாள், கன்னத்தால் கிளம்பும். எழும்பும்போது அவருடைய மூக்குத்தண்டில் சிவந்த தழும்பு இருந்தது. கண்கள் காய்ந்து எரிந்தன. கனவுகள் தொடங்கிய இடத்திலேயே அறுந்தன. திரையில் முகம் ஒவ்வொரு நாளும் கோணியது. பின்னேரங்களில் அவர் கதிரையில் இருந்தபடியே தூங்கி விழுந்தார்.

மார்கிறட் வவுனியாவுக்குப் போன் எடுத்தாள். மாஸ்க் மாட்டப் பழக்கிய யதுர்ஷிகா என்ற பிள்ளை பேசினாள். என்ன பிரச்சினை என்று அவள் கேட்க, அவருக்குக் கச்சான் கூடிப்போய்விட்டது, நிற்கவே இல்லை என்று மார்கிறட் சொன்னாள்.

யதுர்ஷிகாவுக்குக் கச்சான் என்றால் கொறிக்கிற நிலக்கடலைதான் நினைவுக்கு வந்தது.

"கச்சானை நிப்பாட்டச் சொல்லுங்கோ அன்ரி. எண்ணெய்க் கையாலை முகத்தைத் தொட்டா மாஸ்க் வழுக்கும். படுக்க முன்னம் முகத்தைச் சவுக்காரம் போட்டுக் கழுவச் சொல்லுங்கோ."

கூடவே வேறும் சொன்னாள். பட்டியை இறுக்கக்கூடாது, இறுக்கினால் விளிம்பு மடிந்து இன்னும் கசியும். படுத்த பிறகு, காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது, மாஸ்க்கை முகத்திலிருந்து கொஞ்சம் தூக்கி, அது காற்றில் உப்பி வர, மெல்ல இருக்கவிட வேண்டும். மார்கிறட்டின் காதில் அதெல்லாம் பாதிதான் ஏறியது. குசினி அலுமாரியில் கச்சான் கொட்டை வறுத்துப் போட்ட போத்தல் ஒன்று இருந்தது. அதை எடுத்துக் கம்சாவிடம் கொடுத்துவிட்டாள். கச்சான் கொட்டையைத் தொட்டே மாதமாகியிருந்த யோசெப், மருமகள் அதைக் கொறித்துக்கொண்டு போவதை ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்கழியும் பாதி போனது. றொமேஸ் வேறொருவரைக் கூட்டிக்கொண்டு தொழிலுக்குப் போய்வந்தான். அந்த ஆள் படகில் நிரந்தரமாகவே நிற்கக் கேட்டிருக்கிறார், தையில் பதில் சொல்ல வேண்டும் என்று கம்சா சொன்னாள்.

அன்று பகல் யோசெப் மாஸ்க்கைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தார்.

"நீ வேணுமெண்டுதான் மாத்தி இழுக்கிறாய்."

மார்கிறட் பாயில் எழும்பி இருந்தாள்.

"நான் கடலுக்குப் போகக்கூடாதெண்டு உனக்கு ஆசை. எனக்கென்ன தெரியாதெண்டு நினைச்சியோ?"

யோசெப் சேட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

மெசின் ஆளில்லாத கட்டிலுக்கு ஊதிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தப் போனவள் நிறுத்தாமல் நின்றாள். அந்த நினைப்பு அவளுக்கு வராமல் இல்லை. இந்தக் கசிவு நிற்காமலே போனால் மனிசன் கரையிலேயே இருப்பார், பகல் இப்படியே மஞ்சளாக மூச்சுவிட்டுக்கொண்டு கிடக்கும் என்று ஒருநாள் பாயில் கிடந்து நினைத்திருக்கிறாள். நினைத்ததுதான். ஆனால் கை? கை அவளுக்குத் தெரியாமல் அப்படிச் செய்திருக்குமா?

மாஸ்க்கைத் துடைத்து எடுத்துக்கொண்டு அவருடைய இடத்தில் படுத்தாள். பட்டிகளைத் தலைக்குமேலால் போட்டாள்.

முதலில் பயமாக இருந்தது. பிறகு காற்று அவளைத் தூக்கிக்கொண்டது. மூச்சை இழுக்கவே தேவையில்லாமல் அது தானாக உள்ளே வந்தது. நெஞ்சு உப்பி, உடம்பு பஞ்சானது. கட்டில் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது போல இருந்தது. கூரையின் ஈரத்தடம் ஒரு தீவு போலவும், பிறகு ஒரு திருக்கை போலவும் மாறியது. மாஸ்க்கின் மேல்விளிம்பால் குளிர்ந்த இழை ஒன்று கசிந்து அவள் கண்ணுக்குள் வந்தது. கண்ணை மூடினாள்.

மழை விட்டிருந்தது. கடல் கேட்டது.

கால்மாட்டில் கேட்டது.

அவள் அசையாமல் கிடந்தாள். பழைய கிடையில் கடல் அவருடைய வலக்கைப் பக்கம். இப்போது கால்மாட்டில். கண்ணுக்குள் வருகிற காற்று கடலுக்கு எதிர்ப்பக்கத்தால், தலைமாட்டால், களப்பு இருக்கிற திசையால் வருகிறது. அவள் வாய் மாஸ்க்குக்குள் தன்பாட்டில் அந்தப் பெயரைச் சொன்னது.

"கச்சான்."

சொல்லும்போதே அவள் கை பழக்கத்தில் இடக்கன்னத்துப் பட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. பாதியில் நின்றது.

யோசெப் திரும்பி வந்தபோது அவள் மெசினை நிறுத்திவிட்டுக் கட்டிலில் இருந்தாள். அவளுடைய மூக்கிலும் சிவந்த தடம் இருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

"கச்சான் எண்டு நீங்கள் சொன்னது கண்ணுக்கை வந்த காத்தையோ?"

"பின்னை?"

"நான் இடக்கன்னத்தையெல்லோ இழுத்தனான்."

யோசெப் கட்டிலைப் பார்த்தார். பிறகு யன்னலைப் பார்த்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"கட்டிலைத் திருப்பினாக் கடலும் திரும்புமோடி?"

"எனக்குத் திரும்பிட்டுது" என்றாள் மார்கிறட்.

அவர் வாய் கொஞ்சம் கோணியது. சிரிப்பை அடக்குகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. துவாயை எடுத்துக் கொடுத்தாள். அவர் தலையைத் துடைக்கும் வரை பொறுத்திருந்து, அவர் முகம் துவாய்க்குள் இருந்தபோதே சொன்னாள்.

"போகக்கூடாதெண்டு ஒருநாள் நினைச்சனான். பொய் சொல்லமாட்டன். ஆனா கை அப்பிடிச் செய்யேல்லை."

"எனக்கும் இந்தப் பகல் பிடிச்சுத்தான் கிடக்கு" என்று துவாய்க்குள்ளிருந்து சொன்னார்.

அவர் முகத்தைச் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டுப் படுத்தார். மார்கிறட் நாலு பட்டிகளையும் முழுதாகத் தளர்த்தினாள். யதுர்ஷிகா போனில் சொன்னது இப்போதுதான் வந்து காதில் விழுந்தது. காற்று ஓட, மாஸ்க்கை அவர் முகத்திலிருந்து ஒரு விரல் அளவு தூக்கினாள். விளிம்பு உப்பியது. இறக்கி விட்டாள். அது தன் இடத்தைத் தானே கண்டுபிடித்து இருந்துகொண்டது. பிறகு அவர் ஒரு பெயரைச் சொல்லும்போதெல்லாம், கை நீட்டுமுன் கடல் எங்கே கேட்கிறது என்று ஒருகணம் பார்த்தாள். ஒரு கிழமைக்குள் அவர் பெயர் சொல்வதே குறைந்துவிட்டது.

தையில் வைத்தியர் மெமரி காட்டைப் பார்த்துவிட்டு, போகலாம் என்றார். தனியாக வேண்டாம், மகனோடு, அதுவும் மெசினைப் போட்டு நல்லாய்த் தூங்கி எழும்பிய நாட்களில் மட்டும். யோசெப் வீட்டுக்கு வந்து தன்னுடைய பழைய தொப்பியைத் தேடினார்.

மூன்றாம் நாள் பின்னேரம் றொமேஸ் வந்து வாசலில் நின்றான். நிற்கக் கேட்ட ஆளை வேண்டாம் என்றுவிட்டதாகச் சொன்னான். அறைக்குள் எட்டிப் பார்த்தான். தகப்பன் மல்லாந்து கிடந்து தூங்கினார். மெசின் இரைந்தது. நெஞ்சு மெதுவாக ஏறி இறங்கியது, தடங்கலில்லாமல். றொமேஸ் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான்.

"படுக்கட்டும் அம்மா" என்றான் மெதுவாக. "நாளைக்கு வரட்டும்."

மார்கிறட் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையை ஆட்டினால் போதும், அவன் போய்விடுவான். அறை மஞ்சளாக இருந்தது. அவர் என்ன கனவில் இருக்கிறாரோ தெரியவில்லை, இமைகளுக்குக் கீழே கண்கள் எதையோ பின்தொடர்ந்து போய்க்கொண்டிருந்தன.

அவள் உள்ளே போய் அவருடைய காலைத் தொட்டாள்.

"எழும்புங்கோ. றொமேஸ் வந்து நிக்கிறான்."

முன்பெல்லாம் அவரை உலுப்பி, தண்ணீர் தெளித்து, இருத்தி வைத்தாலும் மறுபடி சரிவார். இப்போது ஒரு சொல்லுக்குக் கண் திறந்தார். தெளிந்த கண். மாஸ்க்கைத் தானே கழற்றினார்.

"தேத்தண்ணி கிடக்கோ?" என்றார்.

குடித்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு மகனோடு இறங்கிப் போனார். மணலில் அவர்கள் பேச்சுச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. மார்கிறட் மாஸ்க்கை எடுத்துச் சவுக்காரம் போட்டுக் கழுவி, விளிம்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்து, நிழலில் காயவைத்தாள். காலையில் அவர் வந்து படுக்கும்போது அது காய்ந்திருக்க வேண்டும்.