பத்து மணி வகுப்பு

மலைமேல் எடப்புளி நாட்டில் தேன்மொழியின் வீடு ஆடத் தொடங்கியது ஒரு தை மாதம், பால் காய்ச்சிய அன்று. பால் கிழக்கே பொங்கி வழிந்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். அது ஓய்வதற்குள் பால் மேற்கே வழிந்தது. மறுபடி கிழக்கே வழிந்தது. அடுப்பும் பானையும் வைத்த இடத்தில்தான் இருந்தன. வீடுதான் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு மூச்சு நேரம் நின்று, மறு பக்கம் சாய்ந்தது. வாசலில் நின்றவர்களுக்கு அது நேராகவே தெரிந்தது. உள்ளே கால் வைத்தவர்கள்தான் சுவரைப் பிடித்தார்கள். கட்டிய மேஸ்திரி சின்னுசாமி ரசமட்டத்தை எடுத்துக் கூடத்துத் தரையில் வைத்தார். குமிழ் ஒரு கோடிக்குப் போய், கொஞ்சம் யோசித்து, அடுத்த கோடிக்கு வந்தது. "என் அஸ்திவாரத்துல குத்தமில்லீங்க" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தார். விருந்து குறையில்லாமல் நடந்தது. பாயசத்தை மட்டும் அரை டம்ளருக்கு மேல் ஊற்றவில்லை.

அது கப்பல் சம்பளத்தில் எழும்பிய வீடு. தேன்மொழி தையல் ஆசிரியர் படிப்பு முடித்து, செம்மேட்டில் ஒரு தையல் நிலையத்தில் பாவாடை வெட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். சென்னையிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல் ஒன்றுக்குக் கைவேலை சொல்லித்தர ஆள் வேண்டும் என்று ஒரு ஏஜென்ட் சொல்ல, போனாள். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது மலை வளைவு ஏறி இறங்கி வளர்ந்த உடம்பு, அலைக்கு அசையவில்லை. கப்பல் எந்தத் துறையிலும் நிற்காத நாட்களில், ஐந்தாவது தளத்தில் நீலக் கம்பளம் விரித்த கூடத்தில், காலை பத்து மணிக்கு வகுப்பு. குரோஷா, பாசி கோப்பது, காகிதப் பூ. புருஷன் தூங்கிக்கொண்டிருக்கும் புதுப்பெண்கள் வருவார்கள், ரிட்டயரானவர்கள் வருவார்கள், ஏசிக்காக வந்து உட்கார்ந்து கடைசியில் கைக்குட்டைக்கு ஓரம் பின்னிக்கொண்டு போகும் ஆண்களும் உண்டு. திருச்சி ஸ்டெல்லா டீச்சர் வருஷத்துக்கு இரண்டு முறை இந்த வகுப்புக்காகவே டிக்கெட் எடுத்தார். கடலை அவர் ஒரு தடவையும் எட்டிப் பார்த்ததில்லை. இப்படி நாலு ஒப்பந்தம், மூன்றரை வருஷம். மார்கழியில் கடைசி ஒப்பந்தம் முடிந்து தேன்மொழி இறங்கினாள். தையில் பால் காய்ச்சினாள்.

வீடு ஏன் ஆடுகிறது என்பதை அவள் நாலாம் நாளே கண்டுகொண்டாள். கப்பலின் பயண அட்டவணை அவளுக்கு மனப்பாடம். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் வீடு கல்லாக நின்றது. நடுக்கடலில் போகும் நாளில் ஆடியது. இலங்கைப் பக்கம் அலை பெரிதென்றால் எடப்புளி நாட்டில் அரிசி டப்பா உருண்டது. அவள் பாத்திர அலமாரிக்குக் கம்பி அடித்தாள், கட்டில் காலைத் தரையோடு பூட்டினாள், பழகிக்கொண்டாள். அவள் புருஷன் காளியண்ணனால் முடியவில்லை. மிளகும் குச்சிக்கிழங்கும் போட்டு மலையை விட்டு இறங்காத மனிதன் அவன். கடலைப் படத்தில் பார்த்ததோடு சரி. சொந்த வீட்டில் மூன்று நாள் வாந்தி எடுத்துவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு மிளகுத் தோட்டத்துக் கொட்டாய்க்குப் போய்விட்டான். அவள் சோற்றை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மாசி பிறந்ததும் காலை பத்து மணிக்குப் பின்னல் பழகப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். வார்டு மெம்பர் பாவாயி முதலில் வேடிக்கை பார்க்க வந்தவள், பத்து நாளில் குழந்தைத் தொப்பி ஒன்று பின்னி முடித்தாள். பிறகு அவளோடு பதினோரு பேர். ஆடுகிற வீட்டில் பின்னினால் கண்ணி ஒரே அளவாக விழுகிறது என்று பேச்சாகிவிட்டது. பங்குனியிலிருந்து கப்பல் சாமான்கள் வரத் தொடங்கின. வீடு சாயும்போது பின்னறையிலிருந்து நீல உல்லன் உருண்டை ஒன்று உருண்டு வந்தது. இன்னொரு நாள் ஒரு பிஸ்கட் பொட்டலம். ஒரு நாள் தங்க நிற மூக்குக்கண்ணாடி. அது ஸ்டெல்லா டீச்சருடையது என்று தேன்மொழி பார்த்ததும் சொன்னாள். வீடு மறுபக்கம் சாயும்வரை காத்திருந்து, கால் கிலோ மிளகோடு ஒரு பையில் போட்டுத் தரையில் விட்டாள். பை வழுக்கிக்கொண்டு பின்னறைக் கட்டிலுக்கு அடியில் போனது. குனிந்து பார்த்தபோது இல்லை.

ஆனியில் செம்மேட்டு யூனியன் ஆபீசிலிருந்து இன்ஜினியர் ஆல்பர்ட் வந்தார். கட்டடம் ஆபத்தாக இருக்கிறது, இடிக்க வேண்டும் என்று மனு வந்திருந்தது. அவர் தூத்துக்குடிக்காரர். டேப்பைப் பிரிக்காமல் கூடத்து நடுவில் நின்று, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்கா, இது நிலம் ஆடுறது இல்ல. அலை. எங்கப்பா கடலுக்குப் போறவரு, எனக்குத் தெரியும்" என்றார். ஆனாலும் மனுவுக்குப் பதில் எழுதியாக வேண்டும், மழைக்காலம் முடிவதற்குள் முடிவு சொல்கிறேன் என்றார். மனுவை அவர் மடிப்பதற்குள் தேன்மொழி கையெழுத்தைப் பார்த்துவிட்டாள்.

அவள் நேராகக் கொட்டாய்க்குப் போனாள். காளியண்ணன் காய்ந்த மிளகைப் புடைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களா?"

"ஆமா" என்றான். முறத்தைக் கீழே வைக்கவில்லை. "நாலு தடவ போன, நாலு தடவ வந்த. நான் ஒண்ணும் சொல்லல. இப்ப அஞ்சாவதா போயிட்டு இருக்கற. ஊட்டுக்குள்ள இருந்துக்கிட்டே."

"நான் எறங்கிட்டேனுங்க. ஊடுதான் எறங்கல."

"அப்ப ஊட்ட இடிச்சிரலாம். பழைய ஓட்டு ஊடு கெடக்குதுல்ல, அதுல இருந்துக்கலாம்."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் தான் சரியாக இறங்கினோமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. கப்பலில் வேலை முடிந்தவர்கள் விடியற்காலையில் ஊழியர் படி வழியாகப் பெட்டியோடு இறங்கிவிட வேண்டும். பயணிகளிடம் சொல்லிக்கொள்கிற வழக்கம் கிடையாது. ஸ்டெல்லா டீச்சர் ஒரு போர்வை பின்னிக்கொண்டிருந்தார். ஓரம் முடிப்பதை நாளைக்குச் சொல்லித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தேன்மொழி இறங்கியிருந்தாள். அதை அவள் காளியண்ணனிடம் சொல்லவில்லை. ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்று மாதமும் சோறு கொட்டாய்க்குப் போனது, பேச்சு போகவில்லை.

ஐப்பசி இரண்டாம் வாரத்தில், பத்து மணி வகுப்பு தொடங்கிய சற்று நேரத்தில், வீடு ஒரேயடியாகச் சாய்ந்தது. மலையில் அன்று இலை அசையவில்லை, வெயில் அடித்தது. உள்ளே அலமாரிக் கம்பி தெறித்துப் பாத்திரமெல்லாம் சுவரில் மோதின. பதினோரு பெண்களும் சுவரில் காலை ஊன்றி உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் நூலை விடவில்லை. பாத்திரச் சத்தம் கேட்டுத் தோட்டத்திலிருந்து காளியண்ணன் ஓடி வந்தான். நேராக நிற்கிற வீட்டுக்குள் தலைகீழாகப் பெண்டாட்டி குரல் கேட்டது. அவன் உள்ளே பாய்ந்தான், விழுந்தான், தவழ்ந்தான், வாந்தி எடுத்தான்.

தேன்மொழி அவனை இழுத்துத் தூணோடு சாய்த்து, கையில் ஊசியும் நூலும் திணித்தாள். "சும்மா உக்காந்தாத்தான் கொமட்டும். கைக்கு ஒரு வேல குடுங்க" என்றாள். கப்பலில் ஆயிரம் பேருக்குச் சொன்ன வார்த்தை அது. வருஷமெல்லாம் மிளகுக் கொடியை மரத்தோடு கட்டிய விரல், நாலாவது கண்ணியில் பிடித்துக்கொண்டது.

அடுத்த சாய்வில் பின்னறைக் கதவு திறந்து, ஒன்பது கப்பல் பயணிகள் நாற்காலியோடு வழுக்கி வந்து கூடத்தில் நின்றார்கள். எல்லோரும் மிதவைச் சட்டை போட்டிருந்தார்கள். மடியில் பின்னல் இருந்தது. பாவாயி கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். ஸ்டெல்லா டீச்சர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தேன்மொழியைப் பார்த்தார்.

"எங்கம்மா போன? சொல்லிக்காமப் போயிட்டியே."

"தப்புதானுங்க டீச்சர்" என்றாள் தேன்மொழி. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே போர்வையை வாங்கி ஓரம் முடிப்பதைக் காட்டிக் கொடுத்தாள். அன்றைக்கு வகுப்பில் இருபத்தொரு பேர். கடலில் புயல் இருந்தவரை ஒரு கண்ணி, இரண்டு கண்ணி என்று அவள் உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அழுத புதுப்பெண் ஒருத்திக்குப் பாவாயி தண்ணீர் கொடுத்தாள்.

பதினொன்றேகாலுக்கு வீடு மறுபக்கம் சாயத் தொடங்கியது. நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பின்னறைக்குத் திரும்பின. டீச்சரின் நாற்காலிக் கையைப் பிடித்தபடி தேன்மொழியும் கூடவே நடந்தாள், கடைசி முடிச்சு பாக்கி இருந்தது. பின்னறை வாசற்படிக்கு அந்தப் பக்கம் நீலக் கம்பளம் நனைந்து கிடந்தது. அதற்கப்பால் கண்ணாடியில் சாம்பல் நிறத் தண்ணீர் ஏறி இறங்கியது. "வாயேன்" என்றார் டீச்சர். தேன்மொழியின் ஒரு கால் படியில் இருந்தது.

காளியண்ணன் எழுந்திருக்கவில்லை, கையையும் நீட்டவில்லை. "போறதுன்னா சொல்லிட்டுப் போ, புள்ள" என்றான்.

தேன்மொழி முடிச்சைப் போட்டாள். பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "போயிட்டு வாங்க டீச்சர். எனக்கு இங்க வகுப்பு இருக்குது" என்றாள். நாற்காலி கம்பளத்தில் வழுக்கிப் போனது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அவள் திரும்பி வந்து புருஷன் பின்னியதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "ரெண்டு எடத்துல கண்ணி உட்டுட்டீங்க" என்று உருவிப் போட்டு, மறுபடி ஆரம்பிக்கச் சொன்னாள்.

கப்பல் சேதமில்லாமல் சென்னை சேர்ந்தது. காளியண்ணன் செம்மேட்டுக்கு பஸ் ஏறிப் போய் மனுவைத் திரும்ப வாங்கினான். அப்படியும் ஆல்பர்ட் கோப்பில் ஒரு வரி எழுதினார்: கட்டடம் உறுதியாக உள்ளது, அசைவு கடலைச் சேர்ந்தது. கார்த்திகையில் காளியண்ணன் பாயை வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஒரு வாரம் குமட்டியது, பிறகு நின்றுவிட்டது. இப்போது வகுப்பில் முப்பது பேர். அலை பெரிதான நாட்களில் கப்பல் பயணிகளும் வந்து உட்கார்ந்து பின்னிவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கென்று பாவாயி ஒரு குடம் மோர் வைக்கிறாள். போன வாரம் சந்தையில் மிளகு மூட்டையை இறக்கிய காளியண்ணனிடம் பழைய சிநேகிதர் ஒருவர் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார்.

"சௌக்கியமுங்க" என்றான் காளியண்ணன். "ஊடு நாலு நாளாத் தொறமொகத்துல நின்னுச்சு. சாயங்காலம் கெளம்புது, அதுக்குள்ள நான் போய் ஏறோணும்."

மூட்டையை எடை போட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க நடந்தான்.