ஒழுகமாட்டேன் என்ற குழாய்

புருஷன் ஆபீசுக்குக் கிளம்பி, லிஃப்ட் கீழே இறங்குகிற சத்தம் கேட்டதும் அவள் காரியத்தில் இறங்கினாள். சிங்குக்கு அடியில் இருந்த கதவைத் திறந்து, சோப்பு பாட்டில்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு, மண்டியிட்டு உள்ளே தலையை விட்டாள். குழாய்க்குத் தண்ணீர் ஏறுகிற டியூபின் நட்டில் மஞ்சள் துடைப்புத் துணியைச் சுற்றி, அதன் மேல் ஸ்பேனரை மாட்டி லேசாக ஒரு திருப்பு. ஒரு சொட்டு விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. அடியில் ஒரு கிண்ணத்தை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி காபி போடப் போனாள்.

பைத்தியம் இல்லை. அவளுக்கு வேண்டியது அண்ணன்.

இந்த வீட்டுக் குழாய் முழுக்க அவன் கைவேலை. தங்கச்சி வீடாயிற்றே என்று ஒவ்வொரு நட்டையும் துணி சுற்றித்தான் முடுக்கினான், பளபளப்பில் கீறல் விழக்கூடாது என்று. அவர்கள் அப்பா காலத்திலிருந்து வருகிற பழக்கம் அது. புது வீட்டுக்கு வந்த அன்று, விருந்துக்கு ஆட்கள் கூடியிருந்த நேரத்திலும், கடைசியாக ஒரு குழாயைச் சரிபார்க்கிறேன் என்று சிங்குக்கு அடியில் கிடந்தான். அப்போதுதான் இவள் புருஷனுடைய மேனேஜர் சமையலறையை எட்டிப் பார்த்து, "யாரு இவரு?" என்று கேட்டுத் தொலைத்தார். இவள் புருஷன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? "நம்ம பிளம்பர் சார்" என்றான்.

அண்ணன் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டான். ஸ்பேனர்களைப் பைக்குள் போட்டுக்கொண்டான். போட்ட இலை போட்டபடி கிடக்க, சாப்பிடாமலே போய்விட்டான். அதன் பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை. புருஷனைக் கேட்டால், "நான் என்ன இல்லாததையா சொன்னேன்?" என்பான். ஆனால் சொல்லும்போது கண் வேறு பக்கம் பார்க்கும்.

ஆகவேதான் இந்த ஸ்பேனர் வேலை. ஒழுகினால் ஆள் வேண்டும், ஆள் வேண்டுமென்றால் அண்ணனைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டாள். பாழாய்ப்போன புருஷனோ வீம்புக்கென்றே பிறந்தவன். சாயங்காலம் வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு, தானே உள்ளே நுழைந்து முடுக்கிவிட்டு, "பாத்தியா? இதுக்கெல்லாம் ஆளு எதுக்கு?" என்று மார்தட்டிக்கொண்டான். மறுநாள் அவள் தளர்த்தினாள். அவன் முடுக்கினான். மறுபடி தளர்த்தினாள். குழாய்க்கு வாய் இருந்திருந்தால் அழுதிருக்கும்.

அப்புறம் ஒரு லீவு நாள் காலை, அவன் வெகுநேரம் உள்ளே கிடந்து ஏதோ நோண்டிவிட்டு எழுந்துபோனான். சரி, மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, அப்புறம் அவள் துணியோடு போய் சிங்குக் கதவைத் திறந்தால், கிண்ணம் நிரம்பி வழிந்து தரையெல்லாம் தண்ணீர்.

நான் இன்னும் கையே வைக்கவில்லையே, என்று திகைத்தாள். சரி, நல்ல காலம் பிறந்தது என்று தண்ணீரைத் துடைத்து வாளியில் பிழிந்தாள்.

"ஏங்க, இது உங்களால முடியாது. கடைத்தெருவுல ஒருத்தர் இருக்காராம், வரச் சொல்லட்டுமா?" என்று சும்மா ஆழம் பார்த்தாள்.

"கண்டவனையும் வீட்டுக்குள்ள விடுவியா நீ?" என்று எரிந்து விழுந்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான். அவள் திரைக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"நான்தான். ஆமா. சிங்குல ஒழுகுது. கொஞ்சம் வந்தா நல்லா இருக்கும்."

ஒரு முறை, ஒரே ஒரு முறை 'மச்சான்' என்று சொன்னால் நாக்கு சுருண்டுவிடுமா? தண்ணீர் லாரிக்குப் போன் போட்ட மாதிரி பேசிவிட்டு வைத்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் வந்தான். வந்தவன் செருப்பை வெளியே விட்டுவிட்டு, பெல்லை அடித்துவிட்டு, புதுசாக வந்த ஆள் மாதிரி ஒதுங்கி நின்றான்.

"பிளம்பர் வந்திருக்கேன் சார். எங்க ஒழுகுது?"

புருஷன் முகம் செத்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தங்கச்சியைப் பார்த்து மட்டும் ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு, அண்ணன் சிங்குக்கு அடியில் போய் மல்லாந்தான். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள்தான். கட்டைவிரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"சார், டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்க."

சார் குனிந்தார். குனிந்ததும் சட்டைப் பையிலிருந்து கறுப்பாக ஏதோ விழுந்து, உருண்டு, அண்ணன் காதருகே போய்ப் படுத்தது. ரப்பர் வாஷர். நட்டுக்குள் இருந்தால்தான் தண்ணீர் நிற்கும், இல்லாவிட்டால் எவ்வளவு முடுக்கினாலும் ஒழுகும்.

அண்ணன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். நட்டைப் பார்த்தான்.

"வாஷரைக் கழட்டினது ஒரு ஆளு. அதுக்கு முன்னால தினமும் தளர்த்தினது இன்னொரு ஆளு. நட்டு மரையில மஞ்சள் துணி நூலு மாட்டியிருக்கு. துணி சுத்தித் திருகுறவங்க யாரு சார் இந்த வீட்டுல?"

புருஷன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். திருட்டு முழி இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருந்தது.

"சும்மா எப்படிக் கூப்பிடறது?" என்று அவன் முனகினான். "ஒழுகினாத்தானே கூப்பிட முடியும்? முடுக்கினா ஒழுக மாட்டேங்குதேன்னு நான்தான் வாஷரை..."

"சரி சார். டார்ச்சை இந்தப் பக்கம்."

இன்னும் சார்தான். அண்ணன் மனசு அவளுக்குத் தெரியும். சமையலறைக்குள் மூன்று பேருக்குள் முனகினால் சரியாகிவிடுமா? அன்றைக்குப் பிளம்பர் என்று சொன்னது ஊர் கேட்க அல்லவா? இப்படியே வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டால் இனி எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுக்காரர். பின்னால் அவர் மனைவியும் மருமகனும்.

"உங்க வீட்டுத் தண்ணி எங்க சுவர்ல இறங்குது. என்னன்னு பாக்க வேண்டாமா?" என்று பேசிக்கொண்டே சமையலறை வரைக்கும் வந்துவிட்டார். வந்தவர் கண்ணில் அந்தக் கால்கள் பட்டன.

"யாரு இவரு? பிளம்பரா?"

கட்டைவிரல் தாளம் நின்றது. டார்ச் வெளிச்சம் சிங்கை விட்டு நகர்ந்து கூரைக்குப் போய்விட்டது.

"எங்க மச்சான்," என்றான் அவள் புருஷன். குரல் கம்மியது. செருமிக்கொண்டு, வராந்தா வரைக்கும் கேட்கிற மாதிரி மறுபடி சொன்னான். "என் சொந்த மச்சான். இந்த வீட்டுக் குழாய் பூரா அவர் போட்டதுதான்."

கட்டைவிரல் மறுபடி தாளம் போட்டது.

"மாப்பிள்ளை," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "டார்ச்சை நேராப் பிடிங்க. ஒண்ணும் தெரியல."

கீழ்வீட்டுக்காரருக்கு இதிலெல்லாம் என்ன அக்கறை? "அப்படியே எங்க வீட்டுக்கும் ஒரு நடை வந்து பாத்துடுங்களேன்," என்றார், அந்தக் கால்களிடம்.

"நாளைக்கு வரேங்க," என்றன கால்கள். "இன்னிக்கு நான் தங்கச்சி வீட்டுக்குச் சாப்பிட வந்திருக்கேன்."