பச்சை நிறத்தில் ஒன்றரை மீட்டர்

திண்டுக்கல்லில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். மற்றவர்கள் அளந்து அனுப்பும் எண்களைக் கணினியில் வரைபடமாக்குவது தேவதர்ஷினியின் வேலை. சென்ற மாதம் சிறுமலையை வரைந்தாள்: தாழ்வுக்குப் பச்சை, உயரத்துக்குப் பழுப்பு. இந்த வாரம் முதன்முதலாகக் கடல் வந்தது. ஒரு துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஆழ அளவுகளை வரைந்து, படகுக்காரர்கள் போனில் இறக்கிக்கொள்ளும்படி காலையில் பகிர்ந்துவிட்டாள்.

மதியம் கடலிலிருந்து பிரான்சிஸ் அழைத்தார். அந்தக் கரைக்குப் புதிதாக வந்திருக்கும் விசைப்படகை ஓட்டுகிறவர்.

"படம் நல்லாருக்கும்மா. பழுப்பெல்லாம் பாறைமேடு, வெலகிப் போறோம். நடுவுல பச்சையா ரோடு மாதிரி போகுதுல்ல, அதுல விட்டா சீக்கிரம் கரைக்கு வந்துரலாம்."

அவர் போனை வைத்த பிறகுதான் தேவதர்ஷினி திரையில் அந்தப் பச்சையைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றரை மீட்டர். பழுப்பைத் தொட்டாள். நாற்பது.

மலையில் எண் கூடினால் உயரம். கடலில் எண் கூடினால் ஆழம். மலைக்குப் போட்ட வண்ணத்தையே கடலுக்கும் போட்டிருந்தாள்.

"சிவாண்ணே, பச்சையெல்லாம் பாறைண்ணே!"

பக்கத்து மேசை சிவபிரகாஷ் எட்டிப் பார்த்தான். "ஆத்தாடி! உடனே மாத்து."

"இங்க மாத்தி என்னண்ணே செய்ய? அவுங்க போன்ல எறக்குன படம் மாறாதே!"

பிரான்சிஸின் எண் தொடர்பில் இல்லை. மறுபடி அழைத்தாள், இல்லை. படகுகளின் இருப்பிடம் காட்டும் பக்கத்தைச் சிவபிரகாஷ் திறந்தான். பச்சையின் விளிம்பில் அவருடைய படகு ஒரு புள்ளியாக நின்றது. நகரவில்லை.

"இது இப்ப உள்ள புள்ளியாண்ணே?"

"செத்த நேரம் முந்தினதா இருக்கும். இப்ப எங்க நிக்கிதோ."

"மாதாவே, அந்தாளக் காப்பாத்து" என்று முனகியபடி அழைத்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று இன்ஜின் இரைச்சல் காதில் விழுந்தது.

"அண்ணே, நிறுத்துங்க! பச்சைக்குள்ள போகாதீங்க! நான் நெறத்தத் தப்பாப் போட்டுட்டேன்!"

இரைச்சல் அடங்கியது. பிறகு அவர் குரல் வந்தது. "குனிஞ்சு பாத்தா பாறை தெரியுதும்மா."

"வந்த வழியே திரும்பிருங்கண்ணே" என்றாள்.

"இன்னும் மூணு படகு இருக்கும்மா. நம்ம குரூப்புல நாந்தான் படத்தப் போட்டேன். ரெண்டு பேருக்கு நான் சொல்லிர்றேன். சேவியருக்கு நீ அடி, நம்பர் சொல்றேன். எனக்கு முன்னாலயே கெளம்பிட்டான்."

அவசரத்தில் ஓர் எண்ணைத் தவறாக அழுத்தினாள். இரண்டாம் முறைதான் சரியாக வந்தது. உடனே எடுத்தார்கள்.

"சேவியரண்ணே, படக நிறுத்துங்க, முன்னால பாறை!"

"யாரும்மா நீ? எங்கருந்து பேசுற?"

"திண்டுக்கல்லுலருந்துண்ணே."

"திண்டுக்கல்லா?" அந்தப் பக்கம் பலர் சிரிப்பது கேட்டது. "ஏலே, பூட்டு விக்கிற ஊர்லருந்து நமக்குக் கடல்ல வழி சொல்றாகடா!"

இணைப்பு அறுந்தது. அவள் மறுபடியும் அதே எண்ணை அழுத்தினாள்.