ஆறு மாதமும் ஒரு வெயில் கிரீமும்

என் நாத்தனார் பிரிஜெட்டுக்கு எதையும் முழுசாகப் படிக்கும் பழக்கம் கிடையாது. வாட்ஸ்அப்பில் வருவதில் முதல் இரண்டு வரி போதும், மிச்சத்தை அவரே சொந்தமாக எழுதிக்கொள்வார். அவரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு மனமில்லை, சொல்லப்போவதும் இல்லை.

எனக்கு லூபஸ். உடம்பு தன்னையே எதிரியாக நினைத்துத் தாக்குகிற நோய். வெயில் பட்டால் முதலில் கன்னம் சிவக்கும், அப்புறம் மூட்டு வீங்கும், விட்டால் சிறுநீரகம் வரைக்கும் போகும். பிரேசர் டவுனில் யாரிடம் சொன்னாலும், "பெங்களூர் வெயில்லாம் ஒரு வெயிலா?" என்று சிரிப்பார்கள். மேகம் மூடிய நாளிலும் எனக்கு அது வெயில்தான். கல்யாணமாகி ஏழு வருடம் குழந்தை இல்லை. "நோய் ஆறு மாசம் சுத்தமா அடங்கி இருக்கணும். அப்புறம் குழந்தைக்கு முயற்சி பண்ணலாம்," என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதில் ஐந்து மாதத்தை நான் முடித்திருந்தேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது வெயிலைத் தடுக்கும் ஜிங்க் ஆக்ஸைடு கிரீம். பழைய வீக்கத்தில் கெட்டுப்போன என் விரல்கள் டியூப்பைப் பிதுக்க ஒத்துழைக்காது. என் கணவர் கிளெமென்ட்தான் ஒரு சின்ன டப்பாவில் நிரப்பித் தருவார், நான் வேலை செய்யும் பள்ளிக்கு அதை எடுத்துப்போவேன். என் நிறத்துக்கு அந்தக் கிரீம் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். "என்ன ஜூலி, உனக்கு இன்னும் சாம்பல் புதன் முடியலையா? நெத்தியில பூசுனது மூஞ்சியெல்லாம் வழிஞ்சிருக்கே!" என்று கோயில் வாசலில் பத்துப் பேர் கேட்கக் கேலி செய்வார் பிரிஜெட் அக்கா.

கேலியோடு விட்டாரா? சன்ஸ்க்ரீனில் இருக்கும் ஆக்ஸிபென்சோன் ரத்தத்தில் கலந்து ஹார்மோனைக் கெடுக்கிறது என்று அவருக்கு ஒரு செய்தி வந்ததாம். "அதான் உனக்கு ஒண்ணும் தங்கல," என்றார். நான் அழவில்லை. நேராக டாக்டரிடம் போய்க் கேட்டேன். "அது ரத்தத்துல கலக்குறது உண்மைதான். எவ்வளவு கெடுதல்னு இன்னும் ஆராய்ச்சி பண்றாங்க. சந்தேகம் இருந்தா அது இல்லாத கிரீமா வாங்கலாம். உங்களோடதுல அது இல்லவே இல்லம்மா," என்றார். இதை அக்காவிடம் சொன்னால், "டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த மாதமே தேங்காய் எண்ணெய், கேரட் எண்ணெய், அரிசி மாவு எல்லாம் போட்டுத் தானே ஒரு 'இயற்கை கிரீம்' கிண்டி, ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் மேசை போட்டு விற்க ஆரம்பித்தார்.

செப்டம்பரில் சிவாஜிநகர் மாதா திருவிழா வந்தது. நவநாள் ஒன்பதும் காவிப் புடவை கட்டி, வெறுங்காலோடு நடந்தே போய்ப் பூசை பார்ப்பதாக நேர்ந்துகொண்டேன். குழந்தைக்காகத்தான். முழுக்கை ரவிக்கை, குடை, அப்புறம் என் கிரீம். அதை நம்பித்தான் நேர்ந்தேன். கிளெமென்ட் ஒன்பது நாளும் குடை பிடித்துக் கூடவே வந்தார். அந்த வாரம் என் முகத்தில் வெள்ளைத் திட்டே இல்லை. "பளிச்சுனு இருக்கியே ஜூலி," என்றார்கள். கிரீமில் லேசாகத் தேங்காய் வாசனை வந்தது. கம்பெனிக்காரன் ஏதோ மாற்றியிருக்கிறான் என்று நினைத்துக் கண்ணாடி முன்னால் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

திருவிழா முடிந்த மூன்றாம் நாள் கன்னம் தீயாக எரிந்தது. அந்த வாரத்துக்குள் முட்டி வீங்கிவிட்டது. சிறுநீரில் புரதம் போகிறது என்று ரிப்போர்ட் வந்தது. "மறுபடி ஸ்டீராய்டு ஆரம்பிக்கணும். குழந்தைப் பேச்சு இப்ப வேணாம். ஆறு மாசக் கணக்கு முதல்ல இருந்து," என்றார் டாக்டர். "கிரீமை மாத்துனீங்களா?" என்றும் கேட்டார். இல்லை என்று சத்தியம் செய்தேன்.

மறுநாள் பள்ளி ஸ்டாஃப் ரூமில், ஜன்னலோரம் வெயிலில் கிடந்த டப்பாவைத் திறந்தேன். மேலே எண்ணெய் மிதந்தது, அடியில் மாவு கட்டியிருந்தது. எங்கள் வீட்டுச் சாவி ஒன்று பிரிஜெட் அக்காவிடம் எப்போதும் உண்டு. எனக்கு வேறு யாரையும் நினைக்கத் தோன்றவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் நேராக அவர் மேசைக்குப் போனேன். சுற்றிலும் பெண்கள் நின்றிருந்தார்கள். டப்பாவை முன்னால் வைத்தேன்.

"இது உங்க கிரீம்தானே?"

எட்டிப் பார்த்தவர், கொஞ்சமும் கூசாமல், "ஆமா. அந்த விஷத்த பாதியாவது குறைக்கலாம்னுதான். உன் நல்லதுக்குத்தான்," என்றார்.

"விஷமா?" பையிலிருந்து டியூப்பை எடுத்து அவர் கையில் திணித்தேன். "படிங்க. ஆக்ஸிபென்சோன் எங்க இருக்கு, காட்டுங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். "சின்ன எழுத்துல எங்கயாச்சும் போட்டிருப்பான்..."

"சின்ன எழுத்தையும் படிங்க, அவசரமே இல்ல. எனக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு. பாதி கலந்தா, ஓட்டை விழுந்த குடைய பிடிச்சிட்டுப் போற மாதிரி. இப்ப என் கிட்னி வரைக்கும் போயிருக்கு, தெரியுமா?"

வாங்க வந்த ஒரு பெண் கையிலிருந்த பாட்டிலைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தாள். அதைப் பார்த்ததும் அக்காவுக்குச் சுருக்கென்றது.

"எல்லார் முன்னாடியும் என்னையே கேக்குறியே! நான் குடுத்தது ஒரு பாட்டில். அத உன் டப்பால கலந்தது நானா? போய் உன் புருஷன கேளு!"

கிளெமென்ட் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்ததுமே அவர் கை நின்றுவிட்டது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன்.

"அக்கா சொன்னாங்க, குழந்தை தங்கும்னு... பாதிதான் ஜூலி. பாதி உன்னோடதுதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீ ஒத்துக்க மாட்டியே."

அக்கா மேல் இருந்த கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கிளெமென்ட் கிட்டே வந்து கையை நீட்டினார். "வெயில்ல நிக்காத ஜூலி, உள்ள வா."

"நம்ம குழந்தைய நீங்களே தள்ளி வச்சிட்டு, என்னைய நிழலுக்குக் கூப்பிடுறீங்களா?" என்றேன்.

அவர் நீட்டிய கையைத் தட்டிவிட்டு வெளியே வந்து, ஒரு ஆட்டோவை நிறுத்தி, கம்மனஹள்ளியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகச் சொன்னேன்.